வெயிலுக்கு அஞ்சாத மலர்கள்

பிழைப்பை நாடி வந்த ஊரில் நமக்குப் பலவும் கிடைக்கின்றன; நினைத்தபோது கொய்வதற்கு ஒரு பூ மட்டும் எளிதில் கிடைப்பதில்லை.

நாகபுரியின் கோடையை அன்பர்கள் அறிவர். மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவதுண்டு. எங்கள் ரயில்வே குடியிருப்பில் குழாய் நீரோ காலையில் சிறிது நேரமே வரும். என் அன்னையார் விலைக்கு வாங்கிய பூவைச் சுவாமிக்குச் சாத்த மனம் ஒப்பாதவர். "கையால் வளர்த்த பூ இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை? ஊருக்கு அனுப்பிவிடு" என்று அவர் கூறியது என் நெஞ்சைத் தைத்தது. "மாற்றல் வந்தால் போகப்போகிறோம், பல்லாண்டு நிற்கும் செடி நமக்கு எதற்கு?" என்றாள் மனைவி. இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது.

ஆயினும் மழை தொடங்கியதும் நான்கு செடிகளை வைத்தேன்.

முதலாவது செவ்வரளி. ஒரு சாண் குச்சியை நட்டாலே வேர்விடும். தடித்த இலையின் அடியில், மூச்சுத்துளைகள் மயிரடர்ந்த குழிகளுக்குள் ஒளிந்திருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. ஆனால் செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகள் வாயில் வைக்காதபடி காத்தல் வேண்டும்.

இரண்டாவது நித்தியகல்யாணி. மராத்தியர் இதனைச் 'சதாபுலி' என்பர். என்றும் பூப்பது என்று பொருள். பெயர் இரண்டாயினும் கருத்து ஒன்றே! இதற்குப் பகை வறட்சியன்று, தேங்கும் நீரே. இவ்வூர்க் கருமண்ணில் மணல் கலந்து மேடாக்கியே நட்டேன்.

மூன்றாவது டிசம்பர் பூ. பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கழித்துவிட்டால் மறுபடி தழைக்கும், தொடுத்துச் சூடலாம்.

நான்காவது நிலச்சம்பங்கி. கோடையில் இலை காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். அடிப்பூக்கள் இரண்டு விரிந்ததும் விடியற்காலையில் தண்டை அறுத்து நீரில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி நுனியைச் சிறிது நறுக்கினால், பல நாள் மணக்கும்.

வேரூன்றும் வரை நீர் தவறலாகாது. பிறகு நாள்தோறும் தெளிப்பதினும், சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ ஊற்றுவதே நன்று. வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். அரிசி களைந்த நீரையே நாங்கள் ஊற்றுகிறோம். வேரடியில் உலர்ந்த வேப்பஞ்சருகைப் பரப்பினால் மண் விரைவில் காயாது.

அன்னையார் இப்பொழுது ஊர்ப்பயணம் பற்றிப் பேசுவதில்லை. காலைதோறும் பூக்கூடையுடன் தோட்டத்தில் நிற்கிறார்.

மாற்றல் வரத்தான் போகிறது. வந்தால், நட்ட செடிகள் அடுத்து வரும் குடும்பத்துக்குப் பூக்கட்டும். நாம் எடுத்துச் செல்ல ஓர் அரளிக் குச்சியும் நாலு சம்பங்கிக் கிழங்கும் போதும். மூட்டையில் அவை அதிக இடம் கேட்பதில்லை.