மேல் வரி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் நடத்துகிறவனுக்கு, எந்த மேட்டர் வந்தாலும் கண் முதலில் போவது மேல் வரிக்குத்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், சங்ககிரி லாரி ஆபீசின் பில் புக், எதுவானாலும் உச்சியில் சாமி சுருங்கி உட்கார்ந்திருக்கும். உ, ஸ்ரீ, 786, சிலுவை. முகூர்த்த நேரத்தில் பிழை வந்தால் திட்டோடு போகும். மேல் வரியில் வந்தால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

ஓலையும் எழுத்தாணியும் பதமா என்று சுழித்துப் பார்த்ததே பிள்ளையார் சுழியானது என்பார்கள். உமையின் மகன் என்பதால் உ என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கத்தின் மேல்தான் சாய்வு. காரணம் டிரெடில் மிஷின். பக்கத்தில் துணை இல்லாமல் ஒற்றையாக நிற்கும் ஈய எழுத்து மொத்த அழுத்தத்தையும் தானே வாங்கித் தாளைக் கடிக்கும். மெல்லிய தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் உ தட்டுப்படும். அதற்காகவே அடித்தாளில் அந்த இடத்தை மட்டும் கிழித்து எடுத்துவிடுவோம். முதல் தாளில் உ விழுந்திருக்கும் அழகைப் பார்த்தே மை கூடவா, அழுத்தம் சரியா என்று சொல்லிவிடலாம். ஓலைக்காரர் செய்த சோதனையும் இதுதானே. இப்படி உழைத்ததால் எழுத்துக் கேஸில் முதலில் தேய்ந்துபோவதும் உதான்.

ஸ்ரீ அப்படியல்ல. ஶகரமும் ரகரமும் ஈகாரமும் சேர்ந்த ஒரே வார்ப்பு. கேஸில் தனி அறை. சோழர் கல்வெட்டுகள் ஸ்வஸ்தி ஸ்ரீ என்று தொடங்கிய காலத்திலிருந்து வரும் கிரந்த மிச்சம் அது. 1967இல் ஆட்சி மாறியபின் அரசுத் தாள்களில் பேருக்கு முன்னால் ஸ்ரீ போய்த் திரு வந்தது. எங்கள் ஊர்ப் பில் புக்குகளில் அது ஆங்கில எஸ்ஸாக ஒளிந்துகொண்டது. எஸ்.எம்., எஸ்.வி. என்று தொடங்கும் கம்பெனிப் பெயர்களில் அந்த எஸ் பெரும்பாலும் ஸ்ரீதான். பின்னால் நிற்பவர் முருகனோ வேலவனோ விநாயகரோ. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ஸ்ரீயைத் தொடவில்லை, பக்கத்தில் இருந்த துணையைத் தொட்டது. தும்பிக்கை வளைந்த பழைய ணை போய்ப் புது ணை வந்ததும் ‘விநாயகர் துணை’ மொட்டையாகத் தெரிந்தது. பத்திரிகை முழுவதும் புது எழுத்து, மேல் வரியில் மட்டும் பழைய ணை என்று கேட்டு வாங்கிப்போன பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே பழைய ணைகளைக் காய்ச்சப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன்.

எனக்குப் பிடிக்காத ஒன்று அ/மி. அருள்மிகு என்பதைக் கோப்பிலும் ரசீதிலும் இப்படி எழுதுவார்கள். அருள்மிகு அர்த்தநாரீஸ்வரர் திருக்கோயில், திருச்செங்கோடு என்பது ரசீதின் ஒரு வரியில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் சாய்கோடு விழுந்ததும் சாமி கணக்குப் புத்தகத்துக்குள் போய்விடுகிறது. இது இடம் போதாமல் வந்த சுருக்கம்.

786 வந்த வழி வேறு. அரபு எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. அலிஃபுக்கு 1, பேக்கு 2 என்று ஏறி 1000 வரை போகும். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் எழுத்துகளைக் கூட்டினால் 786. நோட்டீஸ் காலில் மிதிபடும், பஜ்ஜி மடிக்கப் போகும். இறைவன் பெயர் அந்தக் கதிக்கு ஆளாகக் கூடாது என்பது கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் எனக்குச் சொன்ன காரணம். இது இந்தியத் துணைக்கண்டத்துப் பழக்கம். எண் சொல்லுக்கு ஈடாகாது என்று மறுக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். நபி பெயருக்குப் பின் (ஸல்) என்று வைக்கிறோமே, அதை வாசிப்பவர் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் என்று நிறுத்திச் சொல்லித்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். நபித்தோழருக்கு (ரலி), முந்தைய நபிமார்களுக்கு (அலை). ஒன்றின் இடத்தில் இன்னொன்று விழக் கூடாது.

கத்தோலிக்கரின் பழைய ஜெபப் புத்தகங்களில் அர்ச். என்று இருக்கும். அர்ச். அந்தோனியார், அர்ச். சவேரியார். அர்ச்சியசிஷ்ட என்பதன் தலை அது. இப்போது அந்த இடத்தில் புனித. சேலம் மறைமாவட்டம் பிறந்த 1930இல் அர்ச். தான் வழக்கம். மரியாதைக்காகச் சுருக்குவதில் அவர்களுடைய மரபு மிகப் பழையது. ஆதிக் கிரேக்க வேதாகமப் பிரதிகளிலேயே கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்ற பெயர்களுக்கு இரண்டு மூன்று எழுத்து மட்டும் எழுதி மேலே கோடு இழுத்திருப்பார்கள். தோல் விலை அதிகம், இடத்தை மிச்சம் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே சாதாரணச் சொற்களை முழுசாக எழுதியிருக்கிறார்கள். டிசம்பரில் கடைக்காரர்கள் எழுதும் எக்ஸ்மஸ்ஸில் உள்ள எக்ஸும் கிரேக்கத்தில் கிறிஸ்துவின் முதல் எழுத்துதான். கிறிஸ்துவையே வெட்டிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வருபவர்களிடம் இதைச் சொல்வேன். பாதிப் பேர் நம்புவார்கள்.

வைணவப் பெரியவர்களின் பெயருக்கு முன் வரும் உ.வே. என்பது உபய வேதாந்த. உ.வே.சா.வின் உ.வே. அதுவல்ல, ஊர் உத்தமதானபுரம், தகப்பனார் வேங்கடசுப்பையர். தெரியாமல் புள்ளி வைக்கிறவன் கையில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் புரூப் படிக்கும் பையனை மேல் வரியை வாய்விட்டு, விரித்துப் படிக்கச் சொல்வேன். விரிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் வர வேண்டும். இப்போது மேட்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. அ/மி தாராளமாக வருகிறது. போன வைகாசியில் ராசிபுரத்திலிருந்து ஒருவர் ‘அ/மி அண்ணமார் துணை’ என்று அனுப்பியிருந்தார். கூப்பிட்டேன்.

“அருள்மிகு அண்ணமார் சுவாமின்னு முழுசாப் போட்டுரட்டுங்களா?”

“அதுக்குத் தனியா காசு ஆகுமுங்களா?”

“ஆகாதுங்க.”

“அப்பப் பெரியக்காண்டியம்மனையும் சேர்த்துப் போட்டுருங்க. இடம் பத்தாதுன்னு விட்டுட்டேன்.”

மணமகன் பெயரை அரைப் புள்ளி குறைத்ததும் மேலே இரண்டுக்கும் இடம் கிடைத்தது.