அளபெடையும் அலைக்கிற்றாரும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் நன்னூலைப் பற்றியோ நளவெண்பாவைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், இக்கல்லூரியில் மாணவனாயிருந்தும் பின்னர் ஆசிரியனாயிருந்தும் யான் கற்ற பாடங்களுள், என்னைத் தலைகுனியச் செய்த பாடம் ஒன்றுளது. அதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன். கருவியாயிருந்தது ஒரு மின்கிற்றார்.

தமிழாசிரியருக்கும் கிற்றாருக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் வினவலாம். கலைவிழாப் பொறுப்பை ஏற்பாரில்லாதபோது அது தமிழாசிரியர் தலையில் வந்திறங்குதல் நம் பாடசாலைகளின் மரபு. அம்மரபின்படி இசைக்குழு என் பொறுப்பில் வந்தது. பழைய மாணவர் ஒருவர் அன்பளித்த மின்கிற்றாரும், அதனோடு இணைக்கும் சிறு பெடல் ஒன்றும் எம்மிடம் இருந்தன. அவற்றைக் கையாளத் தெரிந்தவன் நமுனுகுல மலைச்சாரல் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவனே.

ஒருமுறை மாணவரை மொனராகலை வழியே பொத்துவிலுக்கும் அறுகங்குடாவுக்கும் சுற்றுலா அழைத்துச் சென்றோம். அங்கே வெளிநாட்டார் பலகைமேல் நின்று அலையிற் சறுக்கி விளையாடுவதை ஏனையோர் பார்த்து நிற்க, இவன் மட்டும் கரையோர விடுதியிலிருந்து வந்த கிற்றார் இசையில் மனம் பறிகொடுத்து நின்றான். பாட்டில்லை, தந்தி மட்டுமே விரைந்து ஒலித்தது, ஒவ்வொரு தட்டலும் நீரிற் கல் விழுந்தாற்போல் ஈரமாய்ச் சிதறியது. திரும்பி வந்தபின் அவ்விசையையே பழகத் தொடங்கினான்.

அது 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாக் கடற்கரையிற் பிறந்த 'சேர்ஃப்' இசை என்பதைப் பின்னரே அறிந்தேன். அதன் முன்னோடி டிக் டேல் என்பார். அவர் 1962இல் வாசித்துப் புகழ்பெற்ற 'மிசிர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய மெட்டு. இந்து மாணவர்க்கு இந்த அந்நிய இசை எதற்கு என்று ஆசிரியர் அறையிற் சிலர் முணுமுணுத்தனர். எம் சங்கீத ஆசிரியை அம்மெட்டின் சுரங்களை ஆர்மோனியத்திற் பிடித்துப் பார்த்து நகைத்தார். அவை மாயாமாளவகௌளையின் சுரங்களே! சரளிவரிசை பயிலும் குழந்தைக்கு முதன்முதற் கற்பிக்கும் இராகம் கடல் கடந்து கிற்றாரில் ஏறியிருந்தது. முணுமுணுப்பு அடங்கியது.

பரிசளிப்பு விழா வந்தது. பெடலில் 'றிவேர்ப்' எனப்படும் எதிர்முழக்கத்துக்கு நான்கு நிலைகள் இருந்தன: அறை, மண்டபம், தகடு, ஸ்பிரிங். மாணவன் ஸ்பிரிங்கைத் தெரிந்து, குமிழைச் சிறிதளவே திருப்பி வைத்திருந்தான். திரை விலகுமுன் யான் சென்று, பெரிய சபைக்குப் பெரிய ஓசை வேண்டும் என்று கூறி, மண்டபத்தைத் தெரிந்து குமிழை முழுவதும் திருப்பினேன். "ஸ்பிரிங்கே காணுங்க சேர்" என்றான் அவன். யான் செவிசாய்க்கவில்லை.

தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உடைய எம் மண்டபம் கைதட்டினாலே முழங்கும் இயல்பினது. அதன்மேல் யான் இன்னொரு மண்டபத்தை ஏற்றிவிட்டேன். விரைந்து வந்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெள்ளத்தில் அகப்பட்ட சருகுகள்போல் அடிபட்டுப் போயின. பின்வரிசையிற் சிரிப்பொலி எழுந்தது. அவனுடைய தாயார் அன்றைய கொழுந்தெடுப்பை விட்டு, ஒரு நாட் பேரை இழந்து, மகனின் வாசிப்பைக் கேட்க வந்திருந்தார். "என் பக்கந்தான் பிழைங்க சேர்" என்று கூறிக் கிற்றாரை அலுமாரியில் வைத்தவன் பின்னர்ப் பயிற்சிக்கு வரவேயில்லை. யானும் வாளாவிருந்தேன். அம்மௌனமே யான் செய்த இரண்டாவது பிழை.

சில வாரங்கள் கழிந்தன. வகுப்பில் அளபெடை கற்பித்துக் கொண்டிருந்தேன். செய்யுளில் ஓசை குறையுமிடத்து அதனை நிறைத்தற்பொருட்டு நெடில் நீண்டொலிப்பதே செய்யுளிசையளபெடை என்றேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஓசை குறையாத இடத்தில் நீட்டினால், சேர்?" என வினவினாள். "தளை கெடும், செய்யுள் சிதையும்" என்று சொல்லி முடித்த மாத்திரத்தில், தகரக் கூரையும் அச்சிறுவன் முகமும் என் கண்முன் தோன்றின.

அன்று முதல் இப்பொருளை முறையாகக் கற்றேன். எதிரே நிற்கும் மலை நம் குரலைச் சற்றுப் பொறுத்துத் தனியே திருப்பித் தருவது எதிரொலி. அதற்கு மலை ஏறத்தாழ 17 மீற்றருக்கு அப்பாலாவது நிற்றல் வேண்டும். தெமோதரைப் புகையிரதச் சுரங்கத்துட் கூவும்போது, பிரித்தறிய இயலாவாறு நெருங்கி வரும் பல திருப்பங்கள் கலந்து நீள்வதே எதிர்முழக்கம். 1957இல் ஜெர்மனியிற் செய்யப்பட்ட கருவியொன்று பெரிய உருக்குத் தகட்டை அதிரவைத்து அதனை உண்டாக்கிற்று. பாடகர் குரலுக்கு அது நன்று. ஹமண்ட் ஓர்கன் நிறுவனத்தின் சுருள்வில் முறையைக் கொண்டு ஃபென்டர் நிறுவனம் 1961இல் தனிப்பெட்டி ஒன்றை வெளியிட்டது. கிற்றாரின் மின்குறி சுருளின் ஒரு முனையை அசைக்க, அவ்வசைவு மறுமுனை சேர்ந்து மீண்டும் மின்குறியாகும்; எஞ்சியது இரு முனைகளுக்கிடையே ஓடியோடித் தேயும். அச்சுருளின் துள்ளலே அந்த ஈர ஒலி. தந்தியை உள்ளங்கையால் அழுத்தித் தட்டும்போது அது நீர்த்துளி சொட்டுவது போலவே கேட்கும்.

அப்பெட்டியில் மூன்று குமிழ்கள் இருந்தன. ஒன்று சுருளை எவ்வளவு வலிமையாய் அசைப்பது என்பதற்கு. ஒன்று எவ்வளவு கலப்பது என்பதற்கு. ஒன்று ஒலியின் கூர்மைக்கு. எம் சிறு பெடல் அதன் மின்னணுப் போலியே. டிக் டேல் 1961இல் வெளியிட்ட 'லெற்ஸ் கோ ட்ரிப்பின்' என்னும் இசைத்தட்டில் இந்த எதிர்முழக்கம் இல்லை என்பதையும் அறிந்தேன். விரலும் தந்தியுமே முதல். முழக்கம் அதன் பின்னர் வந்த அணி.

அடுத்த ஞாயிறு அம்மாணவனின் தோட்டத்துக்குச் சென்றேன். லயத்து வாசலில் தாயார் இருக்கை தந்தார். மகன் முன்னிலையிலேயே, "அம்மா, அன்று பிழை விட்டவன் உங்கள் மகனல்லன், நான்தான்" என்றேன். ஆசிரியர் ஒருவருக்கு இச்சொற்கள் எளிதில் வாயில் வாரா. சொன்னபின் நெஞ்சம் இலேசாயிற்று. அவன் ஒன்றுங் கூறாது தேநீர் கொண்டுவந்து தந்தான். மறுநாள் அலுமாரித் திறவுகோலைக் கேட்டு வந்தான்.

இம்முறை இருவரும் மண்டபத்திலேயே சோதித்தோம். அவன் மேடையில் வாசிக்க, யான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். வெறும் மண்டபத்தில் முழங்கும் ஒலியை மக்கள் நிறைந்தபின் அவர்தம் உடலும் உடையும் ஓரளவு உறிஞ்சிவிடும் ஆதலின், ஒரு வகுப்பு மாணவரை அமர்த்தியும் கேட்டோம். ஸ்பிரிங் நிலை, கலவை மூன்றிலொரு பங்கிலுங் குறைவு, கூர்மை சற்று மிகுதி. விரைந்து செல்லுமிடங்களில் இன்னுங் குறைவு. சுரம் நின்று நீளுமிடத்திற் சிறிது கூடுதல். அவன் முதலில் வைத்திருந்த அளவுக்கே ஏறக்குறைய வந்து சேர்ந்தோம்.

அடுத்த கலைவிழாவில் அவன் வாசித்தான். விழா முடிந்ததும் தாயார் என்னிடம் வந்து, "இந்தத் தடவ ஒவ்வொரு தட்டும் வெளங்குச்சிங்க சேர்" என்றார். யான் பெற்ற நற்சான்றிதழ்களுள் அதனினும் மேலானது பிறிதில்லை.

மாணவச் செல்வங்களே, குறைவுள்ள இடத்தை அறிந்து நிறைப்பதே அணி என்பதை மறவாதீர். உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களே, மாணவன் "காணும்" என்று சொல்லும்போது ஒரு கணம் செவிசாய்ப்போமாக.

நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!