நிறுத்தி வைத்த கடிதம்

எட்டுப் பக்கம், ஜெராக்ஸ் பிரதி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. திண்டுக்கல் பக்கம் நானும் மூன்று நண்பர்களும் நடத்திவரும் இதழைப் பற்றி இதற்கு மேல் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. மாலை நேரப் பயிற்சி மையத்துக்கு வரும் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் எழுதுவார்கள். திருத்துவது என் வேலை.

பெயர் போடாமல் வரும் வசவுக் கடிதங்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. அச்சிட மாட்டோம், கிழித்தும் போட மாட்டோம். தபால் முத்திரை தெரிகிற மாதிரி உறையோடு கோப்பில் வைத்துவிடுவோம். நாளைக்கு வன்கொடுமை வழக்கு என்று வந்தால் அது சான்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றிக் கட்டுரை வந்தால் பெயர், தெரு, பள்ளி என்று அவளைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். எழுதியவர் கோபித்தாலும் சரி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இதெல்லாம் சுலபம். எதிரி யார் என்று தெரிந்த இடத்தில் ஆசிரியராக இருப்பது சுலபம்.

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதியினருக்குள் மாநிலங்கள் உள் ஒதுக்கீடு தரலாம் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் நிலைத்தது. அடுத்த இதழில், இது நம் ஒற்றுமையைக் குலைக்கும் என்று ஒரு கல்லூரித் தம்பி எழுதியதை முதல் பக்கத்திலேயே போட்டோம். நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

பத்து நாளில் கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. எழுதியவர் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் அருந்ததியர் பெண். அம்மா தூய்மைப் பணியாளர். எங்களுடைய எட்டு இதழ்களையும் எடுத்து வைத்து எண்ணியிருந்தார். இரண்டு முறை அட்டையில் தூய்மைப் பணியாளர்களின் படம். உள்ளே எழுதியவர்களில் அருந்ததியர் ஒருவரும் இல்லை. "எங்க அம்மா அட்டையில இருக்காங்க. உள்ளே நாங்க யாருமே இல்லை" என்று எழுதியிருந்தார்.

நாங்கள் நால்வரும் பறையர். அதுவரை அது எனக்கு ஒரு செய்தியாகக்கூடத் தோன்றியதில்லை.

கடிதத்தை நிறுத்தி வைத்தேன். நண்பர்களிடம் நான் சொன்ன காரணம், "இந்த நேரத்துல இதைப் போட்டா சாதி இந்துக்கள் பிடிச்சுக்குவாங்க." அப்புறம் மனசு கேட்காமல் அதை அரைப் பக்கமாகச் சுருக்கினேன். அந்தக் கணக்கை எடுத்தேன். 'நீங்க' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'நாம்' என்று மாற்றினேன். மொழியும் சீராகிவிட்டது. படித்துக் காட்டப் போன் செய்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அக்கா, என் பேரைப் போட்டு உங்க கடிதத்தைப் போடறீங்க" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

ஒவ்வொரு ஆண்டும் மையத்துப் பிள்ளைகளுக்கு நான் கோபத்தோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் என்றும் திலகரின் 'கேசரி' அதற்கு ஒரு விளம்பரம்கூடப் போட மறுத்தது. கேசரிக்காரர்களும் ஏதாவது ஒரு காரணம் வைத்திருந்திருப்பார்கள். போன் வைத்த அந்த ராத்திரி எனக்கு அதுதான் ஓடியது. நம் பண்டிதர் அயோத்திதாசரையும் நினைத்துக்கொண்டேன். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் கொண்டுவந்த 'ஒரு பைசாத் தமிழன்', வாசகர்கள் கேட்டுக்கொண்டதால்தான் ஓராண்டு கழித்து 'தமிழன்' ஆனது. பத்திரிகையின் பெயரையே வாசகர் சொல்லி மாற்றிய மரபு நம்முடையது. நான் இரண்டு நோட்டுத் தாளுக்குப் பயந்தேன்.

அடுத்த இதழில் கடிதம் முழுதாக, அவர் எழுத்துப்படியே வந்தது. எழுத்துப் பிழைகளை மட்டும், அவரிடம் கேட்டுக்கேட்டுத் திருத்தினேன். நான் சுருக்கிய கதையையும் கீழே நான்கு வரியில் சொன்னேன். பாராட்டு ஒன்றும் குவியவில்லை. "வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்துட்ட" என்று சொல்லி நால்வரில் ஒருவர் விலகினார். பள்ளி நாளிலிருந்து பழக்கம், இன்னும் பேசவில்லை. கட்டுரை எழுதிய தம்பி பதில் எழுதி வந்தான். முதலில் அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு வா என்றேன். போய்ப் பேசியிருக்கிறான். கருத்து மாறவில்லை, ஆனால் பதிலில் 'ஒற்றுமை' என்ற சொல் ஒரு இடத்தில்தான் இருந்தது. அதையும் போட்டோம்.

இப்போது எழுதியவரைப் பக்கத்திலோ போனிலோ வைத்துக்கொள்ளாமல் எதையும் நான் சுருக்குவதில்லை. எங்களைத் திட்டும் கடிதம் வந்தால் பாராட்டுக் கடிதத்துக்கு முன்னால் அதுதான் போகிறது. வேலை இரட்டிப்பு, இதழ் தாமதமாகிறது. இருக்கட்டும்.

கடிதப் பக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். செமஸ்டர் முடியட்டும் என்றார். போன மாதம் அவரே கூப்பிட்டார். "கடிதப் பக்கம் மட்டும் எதுக்குக்கா? எட்டுல எத்தனை பக்கம் தருவீங்க?"

மூன்று பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.