தனியே சென்றேன், துணை கண்டேன்

இத்தாலியின் வடமேற்கே, 4,478 மீட்டர் உயர்ந்த மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் உள்ளது செர்வினியா எனும் சிற்றூர். சிகரத்தை இத்தாலியர் செர்வினோ என்பர். ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே. அங்கே பனிச்சறுக்கு பயிலத் தனித்தனியே வந்தோர் குழுவில் நானும் ஒருத்தி. "பெண்பிள்ளை தனியாகவா?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை.

சரிவுகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என நிறக்குறி உண்டு. எங்களுக்கு எளிய நீலம். ஆசான் முதலில் கற்பித்தது ஓடுவதையன்று, நிற்பதை! பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் தணியும். விழுந்தால், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழவேண்டும்.

எனக்காக எவரும் எழ முடியாது. ஆயினும் நான் எழும்வரை, பெயரும் அறியாத நால்வர் கீழே காத்து நின்றனர். இரவில் ஒரே மேசையில் உண்டோம்.

தோழியரே! தனியே செல்வது வேறு, தனித்துப்போவது வேறு.