சாவி இங்கே, கார் எங்கே?

சாவிக்கு நம் குடும்பங்களில் ஒரு தனி மதிப்பு உண்டு. மாமியாரின் இடுப்பில் செருகியிருந்த கொத்துச்சாவி மருமகளின் கைக்கு மாறிய நாளில்தான் வீட்டுப் பொறுப்பும் மாறியது என்பார்கள். சாவி யார் கையில் இருந்ததோ அவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பீரோவில் வைத்த பணம் குறைந்தாலும், பரணில் இருந்த பாத்திரம் காணாமற்போனாலும், "சாவி யாரிடம் இருந்தது?" என்பதே நமது முதற்கேள்வி. தலைமுறை தலைமுறையாக வந்த இந்த நியாயம், இன்று நம் வாசலில் நிற்கும் கார்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்று எண்ணியதால் ஒரு நல்ல மனிதர் தலைகுனிந்து போனதை நாம் கண்டதுண்டு. அதைச் சொல்லுமுன், இக்காலத்துக் கார்ச்சாவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் கார்ச்சாவி வெறும் இரும்புத் துண்டு. கதவில் நுழைத்துத் திருகுவோம். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கைப்பிடியையும் இழுத்துப் பார்ப்போம். பின்னர், தொலைவிலிருந்தே பூட்டும் 'ரிமோட்' வந்தது. பொத்தானை அமுக்கியதும் சாவியிலிருந்து ஒரு வானொலி அலை புறப்படும். அதில் ஓர் இரகசிய எண் அடங்கியிருக்கும். எண் சரியாயிருந்தால் கதவு திறக்கும். தொடக்கத்தில் வந்த ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பின. அருகில் மறைந்திருந்து அதைப் பதிவு செய்துகொண்டவன், உரிமையாளர் அப்பால் போனதும் அதையே மீண்டும் ஒலிபரப்பினால் போதும். கார் ஏமாந்து திறந்துவிடும்.

இதைத் தடுக்க, அமுக்கும்தோறும் எண் மாறுகின்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை பயன்பட்ட எண் மறுமுறை செல்லாது. இவ்வகையில் பெயர்பெற்ற 'கீலாக்' என்ற முறை 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, பல நாடுகளிலும் பரவியது. ஆனால், 'காப்பான் பெரியவனா, கள்ளன் பெரியவனா' என்ற பழமொழி பொய்க்கவில்லை. 2008இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதன் இரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். 2016இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் தோழர்களும், ஃபோக்ஸ்வேகன் குழுமம் 1995 முதல் விற்ற பல கோடிக் கார்களின் ரிமோட் பூட்டுகள் மிகச் சில இரகசிய எண்களையே நம்பியிருந்தன என்பதை வெளிப்படுத்தினார்கள். ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கொல்லன் ஒரே சாவியைச் செய்து கொடுத்தது போன்ற நிலை அது! ஓட்டையைக் காட்டினால்தான் அடைப்பார்கள் என்பதற்காகவே ஆராய்ச்சியாளர்கள் இவற்றை வெளியிட்டார்கள்.

இவ்வளவு கல்வி தேவைப்படாத எளிய சூழ்ச்சியும் ஒன்று உண்டு. பண்டிகைக்குத் துணி எடுக்கப் பாண்டி பஜாருக்குப் போகிறோம். செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துக்குப் போகிறோம். கிடைத்த சந்தில் காரை நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்தபடியே, திரும்பிப் பாராமல் பொத்தானை அமுக்குகிறோம். அந்நேரத்தில் அருகிலிருக்கும் ஒருவன் சிறு கருவியைக் கொண்டு அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பினால், நமது கட்டளை காரைச் சென்றடையாது. கார் திறந்தே கிடக்கும். நாமோ பூட்டிவிட்ட நிம்மதியில் கூட்டத்தில் கலந்துவிடுவோம்.

அடுத்து வந்ததுதான் பொத்தானையே அமுக்க வேண்டாத சாவி. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அது இருந்தால் போதும். உரிமையாளர் கதவருகே வந்ததும், கார் மெல்லிய அலையொன்றை எழுப்பி, "சாவி அருகில் இருக்கிறதா?" என்று வினவும், "இருக்கிறேன்" என்று சாவி விடை பகரும், கதவு திறக்கும், உள்ளே பொத்தானைத் தொட்டால் எஞ்சினும் ஓடும். காரின் அந்தக் குரல் ஓரிரு மீட்டர் தொலைவுக்கு மேல் கேட்காது. ஆகவே, விடை வந்தால் சாவி அருகில்தான் இருக்கவேண்டும் என்று கார் நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கையில்தான் கள்வன் கைவைக்கிறான்.

நள்ளிரவில் இருவர் வருகிறார்கள். ஒருவன் காரருகே நிற்கிறான். மற்றவன் வீட்டு வாசற்கதவருகே ஒரு பையுடன் நிற்கிறான். காரின் மெல்லிய குரலை முதல்வனின் கருவி வாங்கி, இரண்டாமவனின் கருவிக்கு அனுப்புகிறது. அது அக்குரலைக் கதவுக்கு உட்புறம் ஆணியில் தொங்கும் சாவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறது. சாவியும் எசமானர்தான் வந்தார் என்றெண்ணி விடை தருகிறது. அவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள் கார் போய்விடும். 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களில் இதைச் சோதித்தபோது, பத்துமே ஏமாந்தன. ஓடும் வண்டி நடுச்சாலையில் திடீரென நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால், சாவி தொலைவில் போய்விட்டாலும் எஞ்சின் பொதுவாக நின்றுவிடுவதில்லை. கள்வனுக்கு அதுவும் வசதியாகிவிட்டது.

இதில் சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. இரும்புச் சாவியைத் திருகவும், ரிமோட் பொத்தானை அமுக்கவும் நம்முடைய சம்மதம் தேவைப்பட்டது. புதிய சாவியோ நாம் உறங்கும்போதும் நம் பெயரால் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறது. விரலை அசைக்கும் சிறு தொல்லையைத் துறந்தபோது, அந்தச் சம்மதத்தையும் கூடவே துறந்துவிட்டோம்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். மயிலாப்பூரில் நாம் வசிக்கும் அடுக்குமாடி இல்லத்தின் தரைத்தளத்துக் குடும்பத்தார், பல ஆண்டு சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து ஒரு கார் வாங்கியிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் அது நின்ற இடம் வெறுமையாயிருந்தது. கண்ணாடி உடைந்த சில்லு ஒன்றுகூடத் தரையில் இல்லை. இரு சாவிகளும் வீட்டிலேயே இருந்தன. உடனே எல்லாருடைய கண்களும் காவலாளிப் பெரியவர் மீது திரும்பின. கார் துடைப்பதற்காக அவ்வப்போது அவரிடம் சாவியைக் கொடுப்பது வழக்கம். "சாவியில்லாமல் எப்படி ஐயா கார் போகும்? மாற்றுச்சாவி செய்து கொடுத்திருப்பார்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் மறுக்கவில்லை. பெரியவர் அழவில்லை, வாதாடவுமில்லை. "பதினோரு வருஷமா இந்தக் கேட்டுல நிக்கிறேன் சார். துடைச்சதும் சாவியைக் கொண்டாந்து அம்மா கையிலதான் குடுப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாட்களுக்குப் பின், எதிர்க்கடைக் கேமராவின் பதிவு கிடைத்தது. பின்னிரவில் இருவர் பக்கச்சுவர் ஏறிக் குதிப்பதும், ஒருவன் பையை மார்போடு அணைத்தபடி தரைத்தள வாசலருகே அசையாமல் நிற்பதும், விளக்குகள் மின்னிக் கார் திறப்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. ஆனால், பெரியவர் அதற்கு முந்தின நாளே டார்ச் விளக்கையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டிருந்தார். காருக்குரியவர் தாமே அவர் ஊர் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். பெரியவர் காப்பி கொடுத்து அனுப்பினாராம், வேலைக்குத் திரும்பவில்லை. காருக்கு ஈடாகக் காப்பீட்டுப் பணம் பின்னர் வந்தது. அவருடைய பதினோரு வருஷ நற்பெயருக்கு ஈடு எதுவும் வரவில்லை.

ஏழாம் கட்டளையை மீறியவனைத் தேடும் அவசரத்தில் எட்டாம் கட்டளையை நாமே மீறிவிடுகிறோம் அன்றோ? கள்வன் என்றால் நம் வாசலில் நிற்கும் ஏழைதான் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னை அண்ணா நகரில் வீட்டருகே நின்ற விலையுயர்ந்த கார் ஒன்று களவுபோன வழக்கில், ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைப் போலீசார் புதுச்சேரியில் கைது செய்தனர். மேலாண்மைப் பட்டம் பெற்றவர் என்றும், ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் பல மாநிலங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கார்களைத் திருடியவர் என்றும் போலீசார் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. குற்றத்தை முடிவு செய்யவேண்டியது நீதிமன்றமே. எனினும், கார்க் களவு இன்று பட்டப்படிப்பும் கருவிகளும் கலந்த தொழிலாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வெள்ளம் வருமுன் அணைபோடுவதே அறிவுடைமை. சாவியை வாசற்கதவருகே ஆணியில் தொங்கவிடாமல், வீட்டின் உட்பகுதியில் வைப்போம். மூடியிறுகும் தகரப் பெட்டியில் வைத்தால் அலை உள்ளே புகுவது கடினம். பெட்டி பயன்படுகிறதா என்பதை எளிதில் சோதிக்கலாம்: சாவியைப் பெட்டிக்குள் இட்டு மூடி, அதைக் கையில் பிடித்தபடி காரருகே போய்க் கதவைத் திறந்து பாருங்கள், திறந்தால் அந்தப் பெட்டி உதவாது. உதிரிச் சாவிக்கும் இதே காவல் வேண்டும். பொத்தானின்றித் திறக்கும் வசதியைச் சில கார்களில் நிறுத்தி வைக்கவும் முடியும். காருடன் வந்த கையேட்டில் பார்க்கலாம், விற்பனையாளரையும் கேட்கலாம். அசையாமல் சற்று நேரம் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவிகளும், அலை வந்துசேரும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கும் சாவிகளும் இப்போது வருகின்றன. புதுக் கார் வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குதல் நலம்.

பழைய ஸ்டியரிங் பூட்டையும் கியர் பூட்டையும் ஏளனம் செய்யவேண்டாம். எந்த அலையாலும் அவற்றை ஏமாற்ற முடியாது. கடைவீதியில் காரை நிறுத்தினால், விளக்கு மின்னிப் பூட்டு விழுவதைக் கண்ணால் பார்த்து, கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துவிட்டு நகர்வோம். தொட்டாலே திறக்கும் வகைக் காரானால் கைப்பிடிச் சோதனை பயன்படாது. விளக்கு மின்னியதையேனும் நின்று பார்ப்போம்.

இத்தனைக்கும் மேல் களவு நேர்ந்துவிட்டால், அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். போலீசாரிடம் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்தால் நஷ்டஈட்டை மறுக்கலாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இரு சாவிகளையும் ஒப்படைக்குமாறு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். ஆகையால் உதிரிச் சாவி இருக்குமிடம் எப்போதும் நினைவிலிருக்கட்டும்.

நேயர்களே, நம் இல்லங்களைக் காக்கும் காவலாளிகளும், கார் ஓட்டுவோரும், கார் துடைப்போரும் நற்பெயர் ஒன்றையே முதலாகக் கொண்டு பிழைப்பவர்கள். அது போனால் அடுத்த வாசலில் வேலை கிடைப்பதும் அரிது. ஆதலால், கார் காணாமற்போன நாளில், "சாவி யாரிடம் இருந்தது?" என்று கேட்குமுன், "சாவி எங்கே தொங்கியது? கேமராவில் என்ன தெரிகிறது? போலீசார் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்போம். விடை கிடைக்கும்வரை எவர் பெயரையும் நம் நாவால் சொல்லாதிருப்போம்.