வரப்பு போட்ட இன்டர்நெட்

மரக்காணம் உப்பளத்தை பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்களுக்கு, அது வெயிலில் பரப்பி வைத்த கண்ணாடி. இறங்கி வரப்பில் நடந்தால்தான் சூட்சுமம் புரியும்.

"எல்லாம் ஒரே தண்ணிதானே ஐயா?" என்று உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"தண்ணி ஒண்ணுதான் தம்பி. டிகிரிதான் வேற!"

என் பி.காமைவிட உபயோகமான டிகிரி அது. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் காய்ந்து 25-ஐத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். ஒரு பாத்தியில் 10, பக்கத்தில் 18, அடுத்ததில் 25. நடுவே மண் வரப்பு. ஒன்றின் சமாசாரம் இன்னொன்றுக்குத் தெரியாது.

நெட்வொர்க் வர்ச்சுவலைசேஷன் என்று கம்ப்யூட்டர்காரர்கள் பயமுறுத்துவது ஏறக்குறைய இதைத்தான். கேபிள், டவர், ரவுட்டர் எல்லாம் ஒரே செட். அதன்மேல் சாஃப்ட்வேரால் வரப்பு கட்டி, தனித்தனி நெட்வொர்க்காக ஓட்டுவது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம்.

எதற்கு இந்த வம்பு? இன்டர்நெட்டின் அஸ்திவாரமான டிசிபி/ஐபி, 1983 ஜனவரி 1-ல் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் அமலுக்கு வந்தது. இன்று உலகமே அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அஸ்திவாரத்தை மாற்ற வேண்டுமானால் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா? முகவரிப் பஞ்சத்துக்கு மருந்தான ஐபிவி6-ஐ 1990-களிலேயே எழுதிவிட்டார்கள். பழைய ஐபிவி4 இன்னும் ரிட்டயர் ஆகவில்லை!

2005-ல் லாரி பீட்டர்சன், ஸ்காட் ஷென்கர் உள்ளிட்ட நாலு பேர் ஒரு யோசனை சொன்னார்கள். பழசை இடிக்க வேண்டாம். பாத்தி பிரித்து, புது இன்டர்நெட்டுகளைப் பக்கத்திலேயே காய்ச்சிப் பார்க்கலாம். தேறுவது தேறட்டும். அமெரிக்காவில் 'ஜெனி' என்ற பரிசோதனை நெட்வொர்க் இந்த வழியில்தான் அமைந்தது.

இப்போது அது நம் பாக்கெட் வரை வந்தாச்சு. 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த 5ஜி-யில் இதற்குப் பெயர் 'ஸ்லைசிங்'. ஒரே டவரில் ஆம்புலன்ஸுக்கு ஒரு துண்டு, ஃபேக்டரிக்கு ஒன்று, சினிமா பார்க்கும் நமக்கு ஒன்று என்று பிரிக்கலாம்.

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மண் வரப்பை யார் நகர்த்தினாலும் ஊருக்கே தெரியும். சாஃப்ட்வேர் வரப்பு கண் இமைப்பதற்குள் நகரும். கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். காசு கொடுத்தவன் பாத்தி அகலமாகி, நம் பாத்தி சுருங்கினால்? 2016-ல் டிராய், பார்க்கிற விஷயத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை போட்டது. அவசர காலத்துக்கு மட்டும் விலக்கு. நியாயமான கணக்கு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மரக்காணம் பக்கமெல்லாம் தண்ணீர். அந்த மாதிரி ராத்திரியில் நிவாரண முகாமிலிருந்து கிளம்பும் தகவல், ஊரார் அனுப்பும் புயல் வீடியோக்களோடு க்யூவில் நிற்கக் கூடாது. அதற்கு வரப்பு வேண்டும். அதே வரப்பு, பெரிய பில் கட்டுகிறவரின் கிரிக்கெட் மேட்சுக்கு முதல் மரியாதை செய்தால்... வேண்டாம் சாமி. டவருக்குக் கரண்ட் போய்விட்டால் எந்த ஸ்லைஸும் இல்லை என்பது வேறு விஷயம். வர்ச்சுவல் என்றாலும் கடைசியில் எல்லாம் மண்மேல்தானே!

ஆகவே, தாராளமாகப் பாத்தி பிரிக்கட்டும் சார். எது யாருக்கு, எத்தனை அகலம் என்ற கணக்கை மட்டும் ஊர் பார்க்க எழுதி வைக்கட்டும்.