பதினான்கு விளக்குகள்

கொல்கத்தா நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு சங்கடம் நேர்வதுண்டு. நாம் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தித் தீபாவளி கொண்டாடும் விடியற்காலையில் இந்நகரம் அயர்ந்து உறங்கிக் கொண்டிருக்கும். நகரம் விழித்தெழுந்து காளி பூசை செய்யும் நள்ளிரவிலோ, நாம் பலகாரம் உண்ட களைப்பில் உறங்கிப் போயிருப்போம். ஆயினும் இரு சாராரையும் இணைக்கும் திதி ஒன்றேயாகும். ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியின் விடியல் நமக்கு நரக சதுர்த்தசி. அதே திதியின் அந்திப்பொழுது வங்காளிகளுக்குப் பூத் சதுர்த்தசி, அதாவது பேய்களின் சதுர்த்தசி.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில், "நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு!" என்று நம்மவர் முகம் சுளிப்பர். நாங்களும் பல்லாண்டுகள் அவ்வாறே இருந்தோம். 2024-ஆம் ஆண்டில்தான் அவ்விழாவை அருகிருந்து காணும் வாய்ப்புப் பெற்றோம். அவ்வாண்டு அக்டோபர் 30, புதன்கிழமை மாலை பூத் சதுர்த்தசி. மறுநாள் விடியலில் நம் தீபாவளி. அன்றிரவு காளி பூசை. மேனாட்டார் பேய் வேடமிட்டுக் களிக்கும் ஹாலோவீனும் அக்டோபர் 31-ஆம் நாளே. இத்தனையும் ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிட்டன.

ஆனால் எங்கள் இல்லத்தில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. சித்திரை மாதத்தில் எங்கள் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் காலமானார். அவர் கொல்கத்தாவைக் கண்டதே இல்லை. "அடுத்த பூசைக்கு அவசியம் வாருங்கள்" என்று ஆண்டுதோறும் அழைத்தோம். ஆண்டுதோறும் ஏதோ ஒரு காரணத்தால் பயணச்சீட்டு எடுக்காமல் விட்டோம். ஆவணியில் அன்னையார் மட்டும் ஒரு தகரப் பெட்டியுடன் எங்களிடம் வந்து சேர்ந்தார். லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் குடியிருப்பு. ஊர் புதிது, மொழி புதிது. அன்னையார் பெரும்பாலும் பால்கனியில் அமர்ந்து டிராம் தண்டவாளத்தையே பார்த்துக் கொண்டிருப்பார். குழந்தைகள் இருவரும் அவ்வாண்டு புத்தாடையும் மத்தாப்பும் இல்லையென அறிந்து, அதை வெளிக்காட்டாதிருக்க முயன்று தோற்றுக் கொண்டிருந்தனர்.

புதன்கிழமை முற்பகல் எதிர்வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். அவரை நாங்கள் மாஷிமா, அதாவது சிற்றன்னை, என்றே அழைப்பது வழக்கம். அவர் கையில் பொடியாக நறுக்கிய கீரை ஒரு கூறு இருந்தது. அன்று நண்பகலில் பதினான்கு வகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைத்து உண்பது வங்காள மரபு. பதினான்கையும் தேடிப் பறிப்பது இந்நாளில் எளிதன்று. ஆகவே சந்தையில் கீரைக்காரர்களே கலந்து நறுக்கி விற்றுவிடுகின்றனர். கீரையைக் கழுவிய நீரை வீட்டைச் சுற்றித் தெளிப்பாரும் உண்டு. பேய்கள் அணுகாமல் இருப்பதற்கு அது காப்பாம்.

பேய் என்ற சொல்லை நாங்கள் மொழிபெயர்த்ததும் அன்னையாரின் முகம் வாடியது. எனினும் வாசல் வரை வந்ததைத் திருப்பலாகாது என்று வாங்கித் தட்டில் பரப்பினார். பிறகு ஒவ்வோர் இலையாக எடுத்துப் பார்க்கலானார். "இது வேப்பங்கொழுந்து. இது கடுகுக் கீரை. இது சீந்தில், இது சிற்றகத்தி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான்கு இதழ் கொண்ட சிற்றிலையொன்றை எடுத்ததும் நிறுத்திவிட்டார். "அடே, ஆரைக்கீரை! நம் வயல் வாய்க்காலில் கிடப்பதல்லவா?" என்றார். வங்காளிகள் அதனை 'ஷுஷ்னி' என்பர். இரண்டு மாதங்களில் அவர் குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில் வயிற்றைக் காக்கும் மருந்து இக்கீரை என்று மாஷிமா விளக்கியபோது, "நம் தீபாவளி லேகியம் போலத்தான்" என்று அன்னையாரே முடித்துவிட்டார்.

அந்தி சாய்ந்தது. பதினான்கு அகல்களில் கடுகெண்ணெய் ஊற்றி வீட்டின் இருண்ட மூலைகளிலெல்லாம் வைப்பது அன்றைய தலையாய சடங்கு. வாயில், மாடிப்படி, துளசிச் செடி, குளியலறை, சாமான் அறை என ஒன்றும் விடுபடுவதில்லை. தீய ஆவிகளை விரட்டுவதற்கு என்பர் சிலர். மாஷிமா வேறொன்றும் சொன்னார். அன்றிரவு பதினான்கு தலைமுறை முன்னோர்கள் தம் வீட்டைப் பார்க்க வருகின்றனராம். அவர்கள் இடறாமல் வந்து போகவே விளக்குகளாம்.

அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் எங்களை நோக்கி, "அவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே. வழி எப்படித் தெரியும்?" என்றார்.

எங்களால் விடை கூற இயலவில்லை. ஆறு மாதமாக எங்கள் உள்ளத்தை அறுத்துக் கொண்டிருந்த கேள்வியும் ஏறத்தாழ அதுவே. தயங்கித் தயங்கி மாஷிமாவுக்கு மொழிபெயர்த்தோம். அவரோ சிறிதும் தயங்கவில்லை. "புதிதாகப் போனவர்தான் முதலில் வருவார். அப்படியானால் ஒரு விளக்கைத் தெருவாயிலில் வையுங்கள்" என்று கூறிவிட்டுத் தம் அகல்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். அன்னையார் முழங்கால் வலியையும் பாராமல் மூன்று மாடி இறங்கிச் சென்று, டிராம் தண்டவாளம் தெரியும் இடத்தில் அவ்வகலை வைத்தார். காற்றில் அது இரு முறை அணைந்தது. குழந்தைகள் கைகளைக் குவித்து மறைத்து நிற்க, மூன்றாம் முறை நின்று எரிந்தது.

அதன்பின் தொடங்கியது பேய்க் கதை. மின்விளக்குகளை அணைத்துவிட்டு மாடிப்படிகளில் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளெல்லாம் கூடி அமர்ந்தனர். வங்காளத்துப் பேய்களின் வகைகளை அன்றுதான் அறிந்தோம். மணமாகாமல் மாண்ட பெண் 'பெத்னி'. சங்கு வளையல் அணிந்த சுமங்கலிப் பேய் 'ஷாக்சுன்னி'. வில்வ மரத்தில் குடியிருக்கும் அந்தணப் பேய் 'பிரம்மதைத்யன்'. இவர் பெரும்பாலும் நல்லவர். மீன் வாங்கிக் கொண்டு தனியே நடப்பவனைப் பின்தொடர்ந்து மீனைக் கேட்பது 'மேச்சோ பூத்'. ஊருக்கேற்ற பேய்தானே வாய்க்கும் என்று நகைத்தோம்.

யாவற்றிலும் அச்சமூட்டுவது 'நிஷி'. நள்ளிரவில் நமக்கு நெருங்கியவரின் குரலில் பெயர் சொல்லி அழைக்கும். எழுந்து சென்றவன் மீள்வதில்லை. ஆனால் அதனால் இரண்டு முறைக்கு மேல் அழைக்க இயலாது; எனவே மூன்றாம் முறை அழைத்தால் மட்டுமே பதில் கூற வேண்டும். இதனைக் கேட்ட எங்கள் குழந்தைகள் மறுநாள் முழுவதும், பல் துலக்கவும் குளிக்கவும் நாங்கள் மூன்று முறை அழைத்த பிறகே அசைந்தனர்.

மறுநாள் விடியலில் வழக்கம் போல் நகரம் உறங்கியது. எங்கள் இல்லத்திலும் ஓசையில்லை. நண்பர்கள் இருவர் மட்டும், பண்டிகையில்லாத வீட்டுக்குச் செய்யும் முறைப்படி, இனிப்புக் கொண்டுவந்து கொடுத்துச் சென்றனர்.

மாலையில் மேல்மாடிப் பிள்ளைகள் ஹாலோவீன் விளையாட வந்து அழைத்தனர். துக்க வீட்டில் வேடம் கட்டலாமா என்று நாங்கள் தயங்கினோம். "பேய் வேடம்தானே, பண்டிகை வேடம் இல்லையே, போகட்டும்" என்று அன்னையாரே அனுமதியளித்தார்.

இந்த ஹாலோவீனும் ஆராய்ந்து பார்த்தால் பிழைக்கப் போனவர்களின் பண்டிகையே. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் வாழ்ந்த கெல்ட் இனத்தார் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்நாளைச் 'சவின்' என்று கொண்டாடினர். அன்று இறந்தோர் உலகத்துக்கும் இவ்வுலகத்துக்கும் இடையே உள்ள திரை விலகும் என்பது நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் செதுக்கி, உள்ளே நெருப்பு வைத்தனர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. அந்நாட்டில் எளிதாகக் கிடைத்ததும் குடைவதற்கு வசதியானதும் பூசணி. காய் மாறியது, விளக்கு மாறவில்லை.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும் பரங்கிக்காய் ஒன்றைக் குடைந்து கண், மூக்கு, பல் செதுக்கி வைத்திருந்தனர். அதனைக் கண்ட அன்னையார், "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நம் ஊரில் வீடு கட்டினால் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிதானே?" என்று கூறிவிட்டு, குடைந்தெடுத்த சதை வீணாகாமல் அள்ளி வந்து கூட்டு வைத்தார். வெள்ளைப் போர்வைக்குள் புகுந்த எங்கள் சிறு பேய்கள் மாடி மாடியாகச் சென்று மிட்டாயும் சந்தேஷும் ஈட்டித் திரும்பின.

இரவில் அவர்களை அழைத்துக் கொண்டு காளி பூசைப் பந்தல்களைக் காணச் சென்றோம். செவ்வரளி போன்று சிவந்த நாவும் கருநிற மேனியுமாகத் தேவி நிற்க, இருபுறமும் டாகினி, யோகினி உருவங்கள் பல்லிளித்து நின்றன. போர்வைப் பேய்கள் இரண்டும் அவற்றைக் கண்டதும் எங்கள் பின்னால் ஒளிந்து கொண்டன. இரவு 8 மணி முதல் 10 மணி வரையே வெடி கொளுத்த அனுமதி. அவ்விரண்டு மணி நேரத்தில் 'துப்ரி' எனப்படும் மண்குடுவைப் பூவாணங்கள் பனைமர உயரத்துக்குப் பொன்மாரி பொழிந்தன. நாங்கள் கொளுத்தவில்லை, பார்த்தோம். வட கொல்கத்தாவின் பழைய மாளிகைகளில் 'ஃபானுஷ்' என்னும் காகிதக் கூண்டுகளை நெருப்பின் சூட்டால் வானில் பறக்கவிடுவதும் அந்நாளின் அழகிய காட்சியாகும்.

இவ்வளவோடு எங்கள் பேய் யாத்திரை முடியவில்லை. நவம்பர் 2, சனிக்கிழமை, கிறிஸ்தவர்கள் இறந்தோரை நினைக்கும் நாள். அன்று காலை தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1767-இல் திறக்கப்பட்ட இத்தோட்டத்தில், அடர்ந்த மரநிழலில் பாசி படிந்த கோபுரங்களும் கூம்புகளும் மண்டபங்களும் நெருங்கி நிற்கின்றன. பட்டப்பகலிலும் மயிர் சிலிர்க்கும் இடம். ஆசியக் கழகத்தை 1784-இல் நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ், 1794-இல் மறைந்து ஓர் உயர்ந்த ஊசிக் கோபுரத்தின் கீழே உறங்குகிறார். இந்து சமயத்தில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற படைத்தலைவரின் கல்லறை கோயில் வடிவிலேயே அமைந்துள்ளது.

பேய்களைத் தேடி ஓடிய குழந்தைகள் கல்லெழுத்துகளைப் படிக்கத் தொடங்கியதும் மெல்ல அமைதியாயினர். ரோஸ் எய்ல்மர் என்ற நங்கை 1800-இல் இறந்தபோது வயது 20. சுற்றிலும் இருபது வயதினர், முப்பது வயதினர், கைக்குழந்தைகள். ஆள வந்தவர்கள், வாணிபம் செய்ய வந்தவர்கள், அவர்களுடன் வந்தவர்கள். ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருந்து திரும்பாமலே போனவர்கள். "இவர்களுக்கு யார் விளக்கு வைப்பார்கள்?" என்று இளையவள் வினவினாள்.

அவ்வினாவே எங்களை அன்று மாலை மல்லிக் பஜார் அருகிலுள்ள மற்றொரு கல்லறைத் தோட்டத்துக்கு இட்டுச் சென்றது. இம்முறை அன்னையாரும் வந்தார். அங்கே கல்லறைகளைக் கழுவி, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் நிறைந்திருந்தன. இருள் கவியக் கவியத் தோட்டம் முழுவதும் சுடர்மயமாயிற்று. வங்கப் பெருங்கவி மைக்கேல் மதுசூதன் தத்தர், 1873-இல் மறைந்தவர், இங்கேதான் துயில்கிறார். இவர் 1848-இல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, எட்டாண்டுகள் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர். தம் முதல் ஆங்கிலக் கவிதை நூலை அச்சிட்டதும் சென்னையிலேயே, 1849-இல்.

இதனைக் கேட்ட அன்னையார், "நம் பக்கம் வந்து இருந்துவிட்டுப் போனவரா?" என்று கேட்டு, வாயிலில் வாங்கிய மெழுகுவர்த்தி ஒன்றை அங்கே ஏற்றி வைத்தார். "நாம் இங்கே வைத்தால், நமக்கு அங்கே யாராவது வைப்பார்கள்" என்றார்.

வாசக நேயர்களே! வரும் ஐப்பசியில் அண்டை வீட்டார் பதினான்கு விளக்கு ஏற்றும்போது கதவைச் சாத்திக் கொள்ளாதீர்கள். குழந்தைகளைப் படியில் அமர்த்திக் கதை கேட்கச் செய்யுங்கள். கீரை கிடைத்தால் உண்ணுங்கள். ஆரைக்கீரை இருக்கிறதா என்று பாருங்கள். அச்சம் சிறிது நேரமே இருக்கும். நாங்கள் இப்போது ஆண்டுதோறும் ஓர் அகலைத் தெருவாயிலில் வைக்கிறோம். இடம் தெரிந்து கொண்டிருப்பார் என்றாலும், அன்னையாரே இறங்கிச் சென்று வைக்கிறார்.